காத்தான் சாமி வீட்டுச் சோறு

மாலை போட்ட மறுநாள் காலையில் என் புருஷன் தனசேகரன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குதிகால் தோலைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய தோல் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. அதே விரல்களால் காபி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிப்பார், மறுபடி சுரண்டுவார். பாதயாத்திரை போகிறவர்கள் முதலில் காலைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று யாரோ யூடியூபில் சொன்னார்களாம்.

“ஜெயசுதா சாமி, இத கொஞ்சம் பெருக்கிடு” என்றார்.

விரத காலத்தில் முடி வெட்டக் கூடாது, நகம் வெட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சட்டம் போட்டவர் இவர்தான். தோல் அந்தச் சட்டத்தில் வராது போலிருக்கிறது. மாலை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதும் முறை. முந்தின நாள் வரை ‘ஏய்’ என்று கூப்பிட்ட அதே வாய்தான். அதற்கும் முந்தின நாள், விரதம் தொடங்குமுன் கடைசி என்று சொல்லி மோட்டார் கொட்டாயில் பிரியாணியும் பாட்டிலுமாக உட்கார்ந்து, வீட்டு வாசற்படியில் வாந்தி எடுத்த வாயும் அதேதான். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரம் காய்வதற்குள் அந்த வாசலில் நின்று துளசி மாலை போட்டுக்கொண்டார்.

பழனிக்கு நடக்கிற இந்தக் கூட்டத்தில் நான் ஏன் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் என் மகள் கண்ணகி டெங்குவில் விழுந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவளை வைத்துக்கொண்டு, வெளியே என்னை நிறுத்திவிட்டார்கள். ரத்தத்தில் எதுவோ குறைகிறது, குறைகிறது என்று வந்து வந்து சொன்னார்கள். “முருகா, அவளத் திருப்பிக் குடுத்துடு. பழனிக்கு நடந்தே வரேன். செருப்புகூடப் போடாம வரேன்” என்று அந்தக் கதவில் நெற்றியை வைத்துச் சொன்னேன். கொடுத்தான். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். ஆனால் அவள் ஒரு தும்மல் தும்மினாலும் எனக்குத் திக்கென்றது. சொன்ன வார்த்தையை இந்தத் தைப்பூசத்துக்குள் முடிக்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது. இங்கிருந்து பழனி போவதென்றால் சின்னசேலம், ஆத்தூர், சேலம் எல்லாம் தாண்டி நாள்கணக்கில் நடக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அதுவரை யாரும் அப்படிப் போனதில்லை.

“பொம்பள தனியா ரோட்டுல நடந்து போவியா? ஊர்ல இன்னா பேசுவாங்க?” என்று முதலில் குதித்தவர், பிறகு யோசித்துப் பார்த்து, தாமே ஒரு குழு ஆரம்பித்துவிட்டார். அவரே குருசாமி. டீக்கடைக்குக்கூட பைக்கில் போகிற ஆள். ஊர் முனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் இவர் முகம் முறம் அளவு இருந்தது. முருகன் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். உரக்கடை தீனதயாளன், செல்போன் கடை இளவரசன் என்று கூட்டாளிகள் எல்லாம் சேர்ந்தார்கள். மெத்தை ஏற்ற ஒரு வேன், சமையலுக்கு ஒரு வேன், முட்டிக்கு மாட்டிக்கொள்ளும் பட்டை, பச்சை வேட்டியில் குழுவின் பேர். நடப்பதைத் தவிர எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆனது.

குழுவுக்கென்று ஆள் உயரத்தில் ஒரு பித்தளை வேல் செய்து வாங்கினார்கள். போட்டோவில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கனமாகச் செய்யச் சொன்னார் என் புருஷன். வந்த அன்றைக்கு தீனதயாளன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அரோகரா போட்டபடி கிளம்பினார். டீக்கடைக்கு வந்ததும் சுவரில் சாய்த்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்து இளவரசன் தூக்கி ஒரு செல்பி எடுத்துக்கொண்டதோடு சரி. பழனி வரை இதை யார் தூக்குவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் காத்தான் வந்தார். கல்வராயன் மலைக்காரர். வருஷா வருஷம் கரும்பு வெட்டுக்கு மனைவி செங்கம்மாளோடு இறங்கி வந்து எங்கள் கழனியிலேயே கொட்டகை போட்டுத் தங்குவார். தங்களுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறது, இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டு கூட வரலாமா என்று கேட்டார். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்குச் செங்கம்மாள் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

“தாராளமா வா. முருகனுக்கு எல்லாரும் ஒன்னுதான்” என்றார் என் புருஷன். சொல்லும்போது கண் வேல்மேல் இருந்தது. அன்றிலிருந்து வேல் காத்தான் தோளுக்குப் போனது. மாலை போட்டவரை வாடா போடா என்று பேசக் கூடாது, சாமி என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். என் புருஷனும் கூப்பிட்டார். “டேய் சாமி, இந்த மூட்டைய எடுத்து வண்டில வை” என்றார். காது கொடுத்துக் கேட்கச் சகிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் மாலை போட்ட ஒவ்வொருவர் வீட்டிலும் குழு முழுவதும் ஒரு வேளை சாப்பிட வேண்டும், ஒரு வீட்டையும் விடக் கூடாது என்றும் ஒரு விதி வைத்திருந்தார்கள். விட்டால் நடை பலிக்காது என்று குருசாமியே மைக்கில் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் ஆனது. தீனதயாளன் வீட்டில் மூன்று பாயசம். இளவரசன் வீட்டில் என் புருஷன் விட்ட ஏப்பம் தெருமுனை வரை கேட்டது. கடைசியாக மலையில் காத்தான் வீடு.

“ரெண்டையும் ஒன்னா முடிச்சிடலாம். மலை ஏறி நடந்து பழகுனா மாதிரியும் ஆச்சி, அவன் வூட்டுக்குப் போனா மாதிரியும் ஆச்சி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோமுகி அணைக்கட்டில் இறங்கி, வெள்ளிமலை போகிற ரோட்டில் நடந்தோம். பனி இன்னும் விலகவில்லை. தார் ரோடு ஈரமாக, வெறுங்காலுக்கு ஊசி குத்துவதுபோல் குளிர்ந்தது. முதல் வளைவு வரை அரோகரா கேட்டது. இரண்டாவது வளைவில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. மூன்றாவது வளைவுக்கு வேன் வந்து நின்றது. “இன்னிக்கு இது போதும், மொதல் நாளே காலைக் கெடுத்துக்கக் கூடாது” என்று குருசாமி அருள்வாக்கு சொன்னார். எல்லோரும் ஏறினார்கள். நான் நடந்துகொண்டே இருந்தேன். வேன் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. “ஏறு சாமி, மானத்த வாங்காத” என்று ஜன்னல் வழியாகப் பல்லைக் கடித்தார். ஏறினேன்.

காத்தான் வீட்டு வாசலைச் சாணம் போட்டு மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். புதுப் பாய் விரித்திருந்தது. செங்கம்மாள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, வந்த சாமிகளை ஒவ்வொருவராக நிற்கச் சொல்லி, மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவித் தன் முந்தானையால் துடைத்தாள். பிளேடால் சுரண்டிய அந்தக் குதிகாலை இரண்டு கையிலும் ஏந்திக் கழுவினாள். என் புருஷன் பெருமையாக நின்றார். இளவரசன் அதை வீடியோ எடுத்தான். என் முறை வந்தபோது வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. அவள் கை சொரசொரப்பாக இருந்தது.

பாயில் உட்காரச் சொன்னதும் என் புருஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

“அய்யய்யோ, அப்டியா? இதோ கெளம்பிட்டோம்” என்றார். பிறகு காத்தானைப் பார்த்து, “அவசரமா ஒரு எடத்துக்குப் போவணும் சாமி. இன்னா பண்றது? பார்சல் கட்டிடுங்க. போற வழில சாப்ட்டுக்கறோம். வேணாம்னு சொல்லக் கூடாதில்ல?” என்றார்.

செங்கம்மாளின் முகம் ஒரு நிமிஷம் விழுந்தது. பிறகு பரபரவென்று மந்தாரை இலைகளை எடுத்து, சாமைச் சோற்றைப் போட்டு, நடுவில் குழி செய்து மொச்சைக் குழம்பு ஊற்றி, மடித்து வாழை நாரால் கட்டினாள். ஆளுக்கு ஒன்று. கட்டிக் கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் கும்பிட்டாள்.

வேன் கிளம்பி, காலையில் எங்களை ஏற்றிய அந்த மூன்றாவது வளைவுக்கு வந்ததும், “நிறுத்துப்பா” என்றார் தீனதயாளன். ஒன்றுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். இறங்கினார்கள். கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்சல்களை வீசினார்கள். சிரித்துக்கொண்டே, யார் தூரமாக வீசுவது என்று பார்த்து வீசினார்கள். சில சுவரிலேயே பட்டு அவிழ்ந்து ரோட்டோரம் சிதறின. குரங்குகள் மரத்தைவிட்டு இறங்கி ஓடிவந்தன. என் புருஷன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஏறினார்.

“அந்தப் பானைய பாத்தியா? எப்டிதான் திங்கறானுங்களோ. ச்சீ” என்றார்.

காலைக் கழுவ மட்டும் அவள் கை ஆகும். அதே கையால் ஆக்கிய சோறு ஆகாது. கழுவிய மஞ்சள் இன்னும் அந்தக் குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ அசிங்கத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறேன். கண்ணகி வாந்தியை, மாட்டுச் சாணத்தை, இவர் வாந்தியை. அதற்கெல்லாம் இப்படிக் கூசியதில்லை. மாலையோடு, சாமி என்ற பேரோடு, அன்னத்தைக் குரங்குக்குப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிற அந்த உடம்பு என்மேல் படக் கூடாது என்று ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டேன்.

என் பார்சல் என் மடியில் இருந்தது. நாரை அவிழ்த்தேன்.

“வேணாம், வவுத்துக்கு ஆவாது” என்றார்.

நான் சாப்பிட ஆரம்பித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இல்லை. சோற்றிலும் உப்பு இல்லை, குழம்பிலும் ஒரு கல் உப்பு இல்லை. இத்தனை பேர் வருகிறார்கள் என்ற பதற்றத்தில் மறந்துவிட்டாள் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கியது. முழுவதையும் சாப்பிட்டேன். அவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே பார்த்தார். அடிவாரத்தில் ஒரு சைவ ஓட்டலில் வண்டியை நிறுத்தி, எல்லோரும் பூரியும் மசால் தோசையும் தின்றுவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஒரு வூட்டையும் வுடக் கூடாதுன்னு மைக்குல சொன்னது யாரு?”

“வுட்டாதான? போனோம், வாங்கினோம். தின்னனும்னு எங்க எழுதியிருக்குது?”

“காத்தான் சாமிகிட்ட நான் சொல்லிடுவேன்.”

“சொல்லு. சொல்லிட்டு வூட்டுலயே கெட. குருசாமி நான். நான் கூப்டாதான் நீ வருவ. அப்பறம் உம் பொண்ணுக்கு நீ வேண்டிக்கினது இன்னா ஆவுதுன்னு நீயே பாத்துக்க.”

கண்ணகி அவருக்கும் மகள்தான். அந்த நேரத்துக்கு என் பெண் ஆகிவிட்டாள். எங்கே அடித்தால் நான் வாயை மூடுவேன் என்று அவருக்குத் தெரியும். மூடிக்கொண்டேன். கிளம்புகிற நாள் வரை அவர் தட்டில் சோறு போடும்போதெல்லாம் எனக்குக் கை கூசியது.

கிளம்புகிற அன்றைக்குத் தை மாதப் பனி பிள்ளையார் கோயில் விளக்கே தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. வேன்கள் முன்பக்கமெல்லாம் மாலை போட்டுக்கொண்டு நின்றன. கண்ணகி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். காத்தானும் செங்கம்மாளும் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்தார்கள். காத்தான் நேராகப் போய் வேலைக் கும்பிட்டுத் தோளில் எடுத்துக்கொண்டார். இளவரசன் போனை நீட்டிச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

செங்கம்மாள் தயங்கித் தயங்கி என் புருஷன் அருகே வந்தாள்.

“சாமி, அன்னிக்கி குடுத்தனுப்புன சோறு வாயில வெக்க முடிஞ்சிதா? அதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல.”

“இன்னாமா இப்படிக் கேக்கற? அமிர்தம்! உப்பு ஒறப்பு எல்லாம் கரெக்டா இருந்துச்சி” என்றார்.

“குழம்புல உப்பு ஒரு பிடி ஜாஸ்தின்னுகூடச் சொல்லலாம். ஆனா எனக்கு அப்படி இருந்தாதான் புடிக்கும்” என்றார் தீனதயாளன்.

“எனக்கு இன்னொரு பார்சல் கெடைக்காதான்னு இருந்துச்சி” என்றான் இளவரசன், போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி.

செங்கம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“நீங்க சாமி?”

என் புருஷன் என்னை முறைத்தார். கண்ணகி பக்கத்தில் என் பையோடு நின்றாள்.

“உப்பே இல்ல” என்றேன். “சோத்துலயும் இல்ல, குழம்புலயும் இல்ல. நான் முழுசா சாப்ட்டேன்.”

செங்கம்மாள் தலையாட்டினாள். “வேண்டிக்கினப்பவே உப்ப வுட்டுட்டேன் சாமி. பழனி போயி வர்ற வரைக்கும் எங்க வூட்டு அடுப்புல உப்பு கெடையாது. சாமிங்களுக்கு மட்டும் போட்டு ஆக்கலாமான்னு இவரு கேட்டாரு. மனசு கேக்கல. அதான் எப்டி தின்னாங்களோன்னு தவிச்சிக்கினு இருந்தேன்” என்றாள்.

இளவரசன் மெதுவாகப் போனைக் கீழே இறக்கினான்.

“எறங்கி வரும்போது மூணாவது வளைவுல எலை கெடந்துது” என்றார் காத்தான். யாரையும் பார்க்காமல் சொன்னார். “நாரு முடிச்சி தன் கட்டு மாதிரியே கீதுன்னு இவ சொன்னா. சாமிங்க அப்டி பண்ண மாட்டாங்க, அது வேற யாருதோன்னு நாந்தான் அதட்டினேன்.”

“வண்டி ஆட்டத்துல கொட்டிப்போச்சிப்பா” என்றார் என் புருஷன். அதே நேரத்தில், “எனக்கு அன்னிக்கு வவுறு சரியில்ல” என்றார் தீனதயாளன். இரண்டு பொய்யும் ஒன்றாக வந்து விழுந்தன.

காத்தான் வேலைத் தோளிலிருந்து இறக்கி என் புருஷனிடம் நீட்டினார். “புடிங்க சாமி.” அவர் என்ன ஏது என்று புரியாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கனத்தில் வேல் ஒரு பக்கம் சாய, தீனதயாளன் ஓடிவந்து தாங்கினார். காத்தான் வேலை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். செங்கம்மாள் பின்னால் போனாள்.

நான் கண்ணகியிடமிருந்து பையை வாங்கினேன். “சித்தி வூட்டுல இரு. பல்லு வெளக்காம திங்காத” என்றேன்.

“ஜெயசுதா! எங்க போற?” என்று கத்தினார். சாமி எல்லாம் போய்விட்டது.

“பழனிக்கு.”

“அவங்ககூட போனன்னா திரும்பி இந்த வூட்டுப் படி ஏறாத!”

அந்தப் படியைத்தான் நான் கழுவிவிட்டிருந்தேன். பதில் சொல்ல நின்றால் பனியில் அவர்களைத் தவறவிட்டுவிடுவேன் என்று நடையை எட்டிப் போட்டேன். வேலை எந்த வேனில் ஏற்றுவது என்று அவர்கள் பேசுவது கொஞ்ச தூரம் வரை பின்னால் கேட்டது.

மூன்று பேரும் சின்னசேலம் ரோட்டில் நடந்தோம். கரும்பு லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வந்தன. என் பாதம் மரத்துப்போய், அப்புறம் எரிய ஆரம்பித்தது. வெயில் தலைகாட்டியபோது செங்கம்மாள் திரும்பாமலே கேட்டாள்.

“வீசும்போது நீங்களும் வண்டியிலதான இருந்தீங்க சாமி?”

“இருந்தேன்.”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணகியைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கேட்காததால் சொல்ல வாய் வரவில்லை.

சின்னசேலத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் தூக்குவாளியைத் திறந்தாள். அதே சாமைச் சோறு. முதலில் இரண்டு இலைதான் எடுத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவது இலையையும் எடுத்துப் போட்டு, சோறு வைத்து என் முன்னால் தள்ளினாள்.

“வேணாம்னா எங்கிட்டயே குடுத்துடுங்க சாமி” என்றாள். “வழியில போட்டுடாதீங்க.”

காத்தான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகம் எரிந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தேன். அன்றைக்கு இருந்ததைவிட மோசமாக இருந்தது. ஆறிப்போய், உப்பில்லாமல், தொண்டையை அடைத்தது. இலையில் ஒட்டியதையும் வழித்துச் சாப்பிட்டேன். அது காலியாகும் வரை செங்கம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.